பேஸ்மட்டம்

எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் வீட்டின் அடித்தளத்தைப் 'பேஸ்மட்டம்' என்பார்கள். 'பேஸ்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல் காதில் விழுந்து, கையிலிருந்த மட்டப்பலகையோடு உறவு கொண்டு, தமிழாகிவிட்டது. வகுப்பில் சொல்லாக்கம் பற்றிப் பேசும்போது இதை உதாரணமாகக் காட்டுவேன், மாணவர்கள் சிரிப்பார்கள். அவர்களில் பாதிப்பேரின் தகப்பனார்கள் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் அது ஏளனச் சிரிப்பாக இராது. வீட்டுப் பேச்சு வகுப்பறைக்குள் வந்துவிட்ட மகிழ்ச்சிதான். 2024ஆம் ஆண்டு வில்லியனூர் கொம்யூனில் உள்ள எங்கள் சிற்றூரில் அப்பாவின் பழைய ஓட்டு வீட்டை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட முனைந்தபோது, அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வழக்குகள் அடங்கியிருக்கின்றன என்று பார்க்க நேர்ந்தது.

கட்டட அனுமதி ஆணை என்று ஒன்று தருகிறார்கள். பெரும்பாலோர் அதன் முதல் பக்கத்து எண்ணையும் முத்திரையையும் வங்கியில் காட்டிவிட்டுப் பத்திரப் பைக்குள் போட்டுவிடுவார்கள். பின்னால் இணைத்திருக்கும் நிபந்தனைகளை யாரும் வாசிப்பதாகத் தெரியவில்லை. எனக்கோ செப்பேடும் கல்வெட்டும் படித்துப் பழகிய கண். நிபந்தனை என்று எதைக் கண்டாலும் வரிவரியாகப் படிக்கும் வியாதி உண்டு. (கட்டப்படுவது கட்டடம், கட்டுவதற்கான இடம் கட்டிடம் என்று பழைய தமிழாசிரியர்கள் வேறுபடுத்துவார்கள். அலுவலகப் பலகைகளில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. இந்தக் கட்டுரையின் பாதிச் சிக்கலும் அந்தக் கலப்பில்தான் இருக்கிறது என்பதால் விட்டுவிடுகிறேன்.)

பல்லவர், சோழர் காலச் செப்பேடுகள் சிலவற்றில், ஊர்க்கொடையைச் சொல்லி வரிவிலக்குகளைச் சொன்ன பிறகு, அனுமதிகள் சில வரிசையாக வரும். சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், கிணறு இறக்கலாம், தென்னை வைக்கலாம் என்று போகும். கொடை பெற்றவருக்கு இவை தனியாக அனுமதிக்கப்பட்டிருப்பதால், பெறாதவர்களுக்கு இவை எளிதில் வாய்க்காதவையாக இருந்திருக்கும் என்றுதான் கொள்ளவேண்டியிருக்கிறது. சுட்ட செங்கல் என்பதே ஒரு சலுகை. எல்லையைக் குறிக்க, அதிகாரிகளும் நாட்டாரும் ஒரு பெண்யானையை நடக்கவிட்டுப் பின்னால் நடந்து, கல்லும் கள்ளியும் நட்டிருக்கிறார்கள். வீடு கட்ட அனுமதி வாங்குவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த தொல்லை என்று ஊரில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த யானை நினைவுக்கு வரும். எங்களுக்கு அடுத்த கொம்யூனாகிய பாகூருக்கே ஒரு செப்பேடு உண்டு. அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டதை அது சொல்கிறது, நிருபதுங்கவர்மன் காலத்தது. ஆசிரியத் தொழில் செய்கிறவன் பாகூர் வழியாகப் போகும்போது அதை நினைக்காமல் போக முடியாது.

கொம்யூன் என்ற சொல்லையும் சொல்லிவிடவேண்டும். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அது புரட்சிச் சொல்லாகவே படும். எங்களுக்கு அது பஞ்சாயத்து அலுவலகம். பிறப்புச் சான்றிதழ், வீட்டுவரி, தெருவிளக்கு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற நிர்வாகப் பிரிவு. 1954 நவம்பரில் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்டில் சட்டப்படி இணைந்த பிறகும் அச்சொல் நிலைத்தது. 1973ஆம் ஆண்டின் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் அதற்கு இந்திய உடை போட்டது. புதுச்சேரிப் பகுதியில் வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று ஐந்து. வீடு கட்டும் அனுமதி மட்டும் இதற்கு முந்தைய இன்னொரு சட்டத்தின் கீழ், 1969ஆம் ஆண்டின் நகர, ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அளவுகளை 2012ஆம் ஆண்டின் கட்டடத் துணைவிதிகள் சொல்கின்றன. உள்ளாட்சித் தேர்தலோ 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2006இல் ஒருமுறை நடந்தது. அந்த உறுப்பினர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நின்றுபோனது. தெருவின் உயரத்தைப் பற்றி வாக்குவாதம் செய்ய எங்களுக்கு ஒரு வார்டு உறுப்பினர் கிடையாது என்பதை இதற்காகத்தான் சொல்கிறேன். பின்னால் அது தேவைப்படும்.

எங்கள் மனை இருபதடி அகலம், எழுபதடி நீளம். ஒரு பக்கம் ஊர்ச் சந்து. மறுபக்கம் பெரியம்மா வீடு. அப்பாவின் பெரியப்பா வழி உறவு. தனியாக இருக்கிறார், எழுபது வயதுக்கு மேல். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒன்றரையடிப் பருமனுள்ள மண்சுவர் ஒன்றுதான். அதன் இந்தப் பக்கத்தில் எங்கள் வாரைகள் செருகியிருக்கும். அந்தப் பக்கத்தில் பெரியம்மாவின் வாரைகள். என் தாத்தாவும் அவர் அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டபோது நிலத்தைப் பிரித்தார்கள், சுவரைப் பிரிக்கவில்லை. பத்திரத்தில் அளவு இருக்கிறது. வாரையைப் பற்றி எந்தப் பத்திரமும் பேசவில்லை.

வரைபடம் போட வந்தவர் மனையை ஒரு வெற்றுச் செவ்வகமாக வரைந்தார். அதற்குள் புதுவீட்டை வைத்தார். அறைகள் இரண்டு பக்கம்பக்கமாக, ஒவ்வொன்றும் ஒன்பதடி. பொதுச்சுவரையும் காட்டும்படி சொன்னேன். "சார், அதெல்லாம் பிளான்ல தேவையில்லை. இடிக்கத்தானே போறீங்க" என்றார். என் வற்புறுத்தலுக்காக ஒரு புள்ளிக்கோடு போட்டார். மேஸ்திரிக்கும் அதே கருத்துதான். "ஒரு நாள் வேலை சார். ஜேசிபி வந்தா அரை நாள்." பெரியம்மா எதுவும் சொல்லவில்லை. மாலையில் அம்மாவிடம் வந்து, "உங்க செவுர எடுத்துட்டா என் கூரை எதும்மேல நிக்கும்னு தம்பிகிட்ட கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் நேராகக் கேட்கவில்லை. கல்லூரி வாத்தியார் என்ற மரியாதையாக இருக்கலாம். கேட்டு, நான் ஒன்று சொல்லிவிட்டால் அதன்பின் தெருவில் முகம் பார்க்க முடியாது என்ற எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

அனுமதிக்கு முன்னர் கள ஆய்வுக்கு ஒரு பொறியாளர் வந்தார். முப்பது வயதிருக்கும். மழை வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல் நாடாவைப் பிடித்து விறுவிறுவென்று அளந்தவர், அந்தப் புள்ளிக்கோட்டில் விரலை வைத்து நின்றார். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் போனார். அண்ணாந்து பார்த்தார்.

"இந்த வாரை யாருது சார்?"

பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "எங்களுதுதாம்பா" என்றார். அவர் அந்த உரையாடலில் பேசிய சொல் அது ஒன்றுதான்.

பொறியாளர் சுவர் அடியில் கொஞ்சம் மண்ணைக் கிளறச் சொன்னார். ஒன்றரையடிக்குக் கீழே அஸ்திவாரம் இல்லை. எங்கள் தூண்களுக்கு ஐந்தடி தோண்ட வேண்டும். சுவரை இடிக்காமல் விட்டால்கூட, அதன் ஓரமாக ஐந்தடிப் பள்ளம் எடுத்தால், அடியில் மண் சரிந்து சுவர் நம் பக்கம் சாயும் என்று விளக்கினார். சுவரை அப்படியே விட்டு, அதிலிருந்து மூன்றடி தள்ளி உங்கள் தூணை நிறுத்துங்கள், வரைபடத்தை மாற்றிக் கொடுங்கள் என்று எழுதிவிட்டுப் போனார்.

ஊரில் இதற்கு ஒரே பொருள்தான். "கவர் கேக்கிறான்" என்றார் என் சித்தப்பா. மேஸ்திரியும் தலையாட்டினார். இப்படிச் சொல்வதற்கு ஊருக்கு அனுபவமும் உண்டு. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் எதையும் கேட்கவில்லை. அவர் பார்த்தது வாரையை. மூன்று மாதமாக அந்த மனையைச் சுற்றி வந்த எங்கள் எல்லோருடைய பேச்சும் சதுர அடிக்கு எவ்வளவு என்பதிலேயே இருந்தது. வீடு கட்டுகிறவரின் பணப்பையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் அந்த மனையைப் பார்த்த முதல் கண் அதுதான். ஆய்வு என்ற சடங்கின் முழு மதிப்பும் இதில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

மூன்றடியின் விலையைச் சொல்கிறேன். சுவரும் சந்தும் போக எனக்குப் பதினாறடி மிஞ்சியது. வெளிச்சுவர்கள் முக்காலடி வீதம் போனால் உள்ளே பதினாலரை. தேசியக் கட்டட நெறித்தொகுப்பு, ஆள் வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.4 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது, ஏறக்குறைய எட்டடி. பரப்பு 9.5 சதுர மீட்டர். எட்டும் எட்டும் பதினாறு, பதினாலரைக்குள் அடங்காது. ஆகவே பக்கம்பக்கமாக இருந்த அறைகள் ஒன்றன்பின் ஒன்றாயின. வீடு ரயில்பெட்டி ஆகிவிட்டது என்று என் மகள் சொன்னாள். ஆனால் நெறித்தொகுப்பில் இன்னொரு வரியும் உண்டு. எங்களைப் போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் சன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கவேண்டும். பழைய வீட்டில் பொதுச்சுவர்ப் பக்கம் சன்னலே கிடையாது. அப்பா கடைசி இரண்டு ஆண்டுகள் படுத்திருந்த அறை பகலிலும் விளக்குப் போட்டால்தான் தெரியும். மூன்றடிச் சந்து வந்தபிறகு இந்தப் பக்கத்திலும் சன்னல் வைக்க முடிந்தது. இழப்பையும் வரவையும் ஒரே நிபந்தனையில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். எதை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது அவரவர் பாடு.

திண்ணை போயிற்று. தெருவோரத்தில் முன்புறம் திறவிடம் விடவேண்டும் என்பதால் தெருவை ஒட்டிய திண்ணைக்கு வழியில்லை. புதுச்சேரி நகரத்தில் தமிழர் தெருக்களின் திண்ணைகளையும் தாழ்வாரங்களையும் மரபுச் சின்னங்களாகப் பாதுகாக்கிறார்கள். பத்துக் கிலோமீட்டர் தள்ளி, கொம்யூன் கிராமங்களில், அதே திண்ணைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். இதைப் பற்றி நான் ஒப்பாரி வைக்கப்போவதில்லை. எங்கள் திண்ணையில் யார் உட்காரலாம், யார் கீழே நிற்கவேண்டும் என்பதற்கு எழுதப்படாத விதிகள் இருந்தன. அவற்றை எந்தப் பொறியாளரும் வந்து ஆய்வு செய்ததில்லை.

திண்ணை இருந்த இடத்துக்கு என்ன வந்தது என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. கழிவுநீர் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது நெறி. எழுபதடி மனையில் முன்னால் ஆழ்துளைக் கிணறு, பின்னால் குழி என்று முதல் வரைபடம் அதைச் சரியாகவே நிறைவு செய்தது. ஆனால் பெரியம்மாவின் அடிபம்பு அவருடைய தோட்டத்தின் கடைக்கோடியில் இருக்கிறது. எங்கள் குழிக்கும் அதற்கும் பதினைந்தடிகூட இல்லை. விதியின் எழுத்து என் மனைக்குள் நிறைவேறிவிட்டது. நிலத்தடி நீருக்கு எந்த மனை யாருடையது என்று தெரியாது. எனவே எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பினோம். கிணறு பின்னால் போனது. செப்டிக் டேங்கும் குழியும் முன்னால், திறவிடத்துக்கு அடியில் வந்தன. எதிரே கோயில் திடல். அங்கே கிணறு இல்லை. குழாய் ஓட்டத்துக்காகக் கழிவறையும் முன்பக்கம் வந்தது. "ஊர்ல எவனாவது வாசல்ல கக்கூஸ் கட்டுவானா?" என்று அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மனையடி சாஸ்திரம் தெரிந்த மாமா ஒருவர் வந்து, நீள அகலங்களுக்கு அதில் சொல்லியிருக்கும் பலன்களையெல்லாம் ஒப்பித்தார். பதினாறடி நல்ல அளவுதானாம், அதுவரைக்கும் தப்பித்தேன். (வீட்டிலிருந்து குழிக்கும் தூரம் வேண்டும் என்ற வரியும் அந்த நெறியில் உண்டு. இருபதடி மனையில் அதை முழுதாக நிறைவேற்ற வழியில்லை. சின்ன மனைக்காரனுக்கு விதிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, எது உயிருக்கு நெருக்கமோ அதைத் தேர்ந்துகொள்வதுதான் மிஞ்சுகிறது.)

முளையடித்த அன்று நூல் பிடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனைக்கு மனை வகுப்பதைச் சொல்வார். நண்பகலில் நிழல் சாயாத பொழுது பார்த்து, கோல் நட்டுத் திசை கண்டு, நூல் பிடித்து அளக்கும் காட்சி அது. ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிற பாடம். எங்கள் மேஸ்திரி கைப்பேசியில் திசைகாட்டி பார்த்தார். மற்றபடி நூல் அதே நூல். சுண்ணாம்புப் பொடிதான் புதிது.

இனி பேஸ்மட்டத்துக்கு வருகிறேன். சுற்றியுள்ள தரையிலிருந்து 45 சென்டிமீட்டராவது உயர்த்த வேண்டும் என்பது நெறித்தொகுப்பு, ஒன்றரையடி. மேஸ்திரி மூன்றரையடி போடச் சொன்னார். "ரோடு ஏறும் சார்" என்பது அவர் வாதம். அதில் பொய்யில்லை. எங்கள் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டு, நான் சிறுவனாக இருந்தபோது மூன்று படி ஏறிப் போன பெரியம்மா வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகவேண்டும். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஊர் அதைவிட்டு மேலே போய்விட்டது. நிபந்தனை என் வீட்டின் உயரத்தைச் சொல்கிறது. தெருவின் உயரத்துக்கு நிபந்தனை யார் போடுவது? கேட்பதற்கு உறுப்பினர் இல்லை என்று முன்னரே சொன்னேன்.

நான் உயர்த்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. பெரியம்மாவின் முற்றத்து மழைநீர் இத்தனை காலமும் எங்கள் தோட்டத்து வழியாகத்தான் பின்னாலிருக்கும் குளத்துக்குப் போனது. நான் மூன்றரையடிக்கு மண் நிரப்பினால் அவர் வீடு கிண்ணத்தின் அடிப்பாகம். மட்டம் பார்க்க இரண்டாம் முறை வந்த அதே பொறியாளரிடம் இதைச் சொன்னேன். அவர் குளம்வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். மூன்றடிச் சந்தில் சிமென்ட் வாய்க்கால் ஒன்று, குளத்தைப் பார்த்துச் சரிவாக. பெரியம்மா வீட்டுச் சுவரடியில் அதற்கு ஒரு திறப்பு. என் பேஸ்மட்டம் இரண்டரையடி. அவர் அதைத் தாளில் எழுதித் தரவில்லை, எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டமும் இல்லை. 'அடித்தளம் வரைபடப்படி உள்ளது' என்ற ஒற்றை வரியில் கையெழுத்திட்டார்.

தீபாவளிக்கு முன் அது முடிந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து, சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பகுதியின் ஆற்றங்கரை ஊர்களுக்குள் புகுந்தது. பாகூரில் இருக்கும் என் மாணவன் ஒருவன் நான்கு நாள் கழித்துத்தான் கைப்பேசியில் கிடைத்தான். எங்கள் ஊருக்கு ஆறு வரவில்லை, மழைதான். பெரியம்மா வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. தெருப்பக்கத்து வாசல் வழியாக, முழங்காலுக்குச் சற்றுக் கீழே. எங்கள் பக்கத்திலிருந்து வரவில்லை. வாய்க்கால் ஓடியது. மழை விட்ட அன்று மாலைக்குள் உள்ளிருந்த நீர் அந்தத் திறப்பு வழியாக வடிந்துவிட்டது. தெருவில் மற்ற பள்ளத்து வீடுகளில் மூன்று நாள் நின்றது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சாலை ஒன்றரையடி தாழ்ந்திருந்தால் அந்த நீரே உள்ளே வந்திராது.

ஆய்வு நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக்கொட்டகையின் கீழ் நடந்த பள்ளியில் 94 குழந்தைகள் எரிந்துபோயினர். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் இறந்தனர். அதில் பெரும்பாலோர் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைக் கட்டுமான இடத்திலேயே காட்சிக்கு வைக்கவேண்டும், அதிகாரிகள் அவ்வப்போது வந்து ஆய்ந்து பதிவு செய்யவேண்டும், முடிவுச் சான்றிதழ் பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்புகளைத் தரவேண்டும் என்றெல்லாம் கட்டளையிட்டது. எங்கள் வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. செய்தியைப் படித்துவிட்டு மேஸ்திரி சொன்னார்: "அப்ப நம்ம ஊர்ல பாதி வீட்டுக்குக் கரண்ட் இருக்காது சார்."

அதே ஆண்டு ஜூலையில் தமிழ்நாடு அரசு வேறு திசையில் நடந்தது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கட்டுபவர்கள், சுயசான்று கொடுத்து இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் போனால் அரியூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை மீண்டும் புதுச்சேரி. கால்மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இரண்டு அரசு. கண்டமங்கலத்துப் பக்கம் வீடு கட்டும் என் சக ஆசிரியர் ஒருவர், அனுமதியை ஒரே அமர்வில் வாங்கிவிட்டு, நான் வரைபடத்தை மாற்றிக்கொண்டு அலைந்ததைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். ஏழை எளியவர்களை அலுவலகப் படிகளில் ஏறி இறங்க விடாத எந்தத் திட்டத்தையும் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் படிகளில் எத்தனை பேருடைய கூலிநாள் கரைந்திருக்கிறது என்று தெரியும். ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது: அந்த ஏற்பாட்டில் என் மனை ஒரு வெற்றுச் செவ்வகமாகவே அனுமதி பெற்றிருக்கும். எல்லாம் உண்மையென்று நானே கையெழுத்திட்டிருப்பேன். எல்லாம் உண்மையாகவும் இருந்திருக்கும். வாரை பெரியம்மாவுடையது அல்லவா? அவருக்கு அந்தப் படிவத்தில் ஏது இடம்? சுயசான்று என்பதில் 'சுய' மட்டுமே சான்று சொல்கிறது.

ஆய்வென்றால் ஊர் வெறுக்கிறது என்று நான் எண்ணவில்லை. காமராசர் பெயரிலான கல்வீட்டுத் திட்டத்தில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே பணம் தவணையாக வரும். கட்டடம் இந்த நிலைக்கு வந்துவிட்டது என்று ஒருவர் வந்து பார்த்துச் சொன்னால்தான் அடுத்த தவணை. அவர்கள் அந்த ஆளுக்காகக் காலையிலிருந்தே வாசலில் காத்திருப்பார்கள். வந்தால் நாற்காலி, சோடா. சுட்ட செங்கல் வீடு செப்பேட்டில் எழுதிக்கொடுக்க வேண்டிய சலுகையாக இருந்த மண்ணில், அரசே பணம் கொடுத்துக் கல்வீடு கட்டச் சொல்கிறது என்பது சிறிய செய்தி இல்லை. தன் கூரைக்கு ஒரு பயன் உண்டென்றால் வந்து பார்க்கிறவரை யாரும் விரட்டுவதில்லை.

புயலுக்குப் பின் பெரியம்மாவும் அதற்கு மனுப்போட்டார். எங்கள் வீட்டு முடிவு ஆய்வுக்கு அந்தப் பொறியாளர் கடைசியாக வந்தபோது, வாய்க்காலையும் சன்னல்களையும் பார்த்து, நாடாவைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். பெரியம்மா வாசலில் நிறுத்தி, தன் வீட்டுக்கும் அவரேதான் வருவாரா என்று கேட்டார். அது வேறு அலுவலகம், வேறு ஆள் வருவார் என்று அவர் சொன்னது பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

வரைபடம் போட அதே நபர்தான் வந்தார். இந்த முறை யாரும் சொல்லாமலே எங்கள் புதுச்சுவரையும், மூன்றடிச் சந்தையும், அதிலுள்ள வாய்க்காலையும், அவருடைய தோட்டத்து அடிபம்பையும் முதலில் வரைந்துகொண்டு, பிறகுதான் வீட்டைத் தொடங்கினார். மண்சுவரை என்ன செய்வது என்று கேட்டார். கூரை இறங்கும் வரை அது நிற்கட்டும் என்றார் பெரியம்மா.